தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஓயாமல் ஓடும் புது மிட்ஃபீல்டரை இறக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உங்கள் கால்பந்து அணி வரிசையாகத் தோற்கிறது. நடுவில் ஓயாமல் ஓடக்கூடிய பையன் ஒருவன் கிடைத்திருக்கிறான். பெரும்பாலான கோச்சுகள் அடுத்த மேட்ச்சிலேயே அவனை இறக்கி, "நீ உன் ஆட்டத்தை ஆடு" என்று தோளைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு மேட்ச் அமர்க்களமாகப் போகும். மூன்றாவதில் அவன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான், அணி பழைய இடத்திலேயே இருக்கும்.

ஓட்டம் அவனிடம் இருக்கிறது. அது எங்கே பயன்படும் என்பது மற்ற பத்துப் பேர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அவனைப் பற்றியதல்ல. முதல் மூன்று படிகளையும் அவன் முதல் மேட்ச் ஆடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பதினொரு பேர் ஆடும் முழு மைதானத்துக்கு. ஏழு பேர் ஆடும் செவன்ஸில் தூரங்கள் சின்னவை, எல்லோருமே எல்லா இடத்துக்கும் ஓடியாக வேண்டும். அது வேறு கணக்கு.

தொடங்கும் முன் தேவையானவை

கடைசி ஐந்தாறு மேட்ச்சின் பதிவு வேண்டும். யாராவது மாடியிலோ கேலரியின் மேல்படியிலோ நின்று ஃபோனில் எடுத்த வீடியோ போதும். பந்தை மட்டும் துரத்தும் வீடியோ உதவாது, முழு அணியும் தெரிய வேண்டும். வீடியோ இல்லையென்றால் அந்த மேட்ச்சுகளைப் பார்த்த இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் ஒன்றாகச் சொன்னதை மட்டும் நம்புங்கள்.

இதோடு நாற்பது மீட்டர் கயிறு, கூம்புகள், அணிகளைப் பிரித்துக் காட்ட சட்டைக்கு மேல் போடும் பிப் இரண்டு நிறத்தில். மேட்ச்சுக்கு முன் குறைந்தது இரண்டு வாரப் பிராக்டிஸ். அந்த இரண்டு வாரத்துக்குக் கமிட்டியோ கல்லூரியோ சம்மதிக்காவிட்டால், அவனை பெஞ்சில் வைத்துக்கொண்டு பழைய அணியையே ஆடவிடுங்கள்.

1. கோல் எங்கிருந்து விழுகிறது என்று எழுதிப் பாருங்கள்

வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பந்து எந்த இடத்தில் பறிபோனது, அங்கிருந்து கோல் வரை எத்தனை பாஸ், கடைசிப் பந்து நடுவிலிருந்து வந்ததா, ஓரத்திலிருந்தா, கார்னரிலிருந்தா. இந்த மூன்றும் போதும்.

நடுவில் பறிபோய் இரண்டு மூன்று பாஸில் கோல் ஆகிற வரிகள் அதிகமென்றால், ஓடும் மிட்ஃபீல்டர் நேரடியாக உதவுவான். ஓரத்து கிராஸ், கார்னர், ஃப்ரீ கிக் என்றால் அவன் எவ்வளவு ஓடினாலும் அந்தக் கோல்கள் நிற்கப்போவதில்லை. கோளாறு பின்வரிசைத் தடுப்பாளர்களான பேக்குகளிடம் இருக்கிறது, அல்லது கோல்கீப்பரான கோலியிடம்.

இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டியின் 2015-16 சீசனை எல்லோரும், ஓயாமல் ஓடும் மிட்ஃபீல்டர் என்கோலோ காண்டேயை வைத்துத்தான் சொல்வார்கள். முந்தைய சீசனில் கடைசி இடத்தில் தத்தளித்து, 14-வதாக முடித்துத் தப்பிய அணி. பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து காண்டே வந்தார். 81 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார்கள். ஆனால் அந்த சீசனின் முதல் ஒன்பது லீக் மேட்ச்சிலும் லெஸ்டர் கோல் வாங்கியது. செப்டம்பரில் ஆர்சனலிடம் 5-2 தோல்வி. அதற்குப் பிறகு கோச் கிளாடியோ ரனியேரி இரண்டு ஓரத்து பேக்குகளையும் மாற்றி டேனி சிம்ப்சனையும் கிறிஸ்டியன் ஃபுக்ஸையும் கொண்டுவந்தார். கோல் வாங்காமல் ஒரு மேட்ச் முடித்தால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்றும் பையன்களிடம் சொல்லி வைத்திருந்தார். அக்டோபர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றபோதுதான் அந்த பீட்சாவுக்கு வழி பிறந்தது. அதாவது காண்டே இருந்தும், ஓரங்களைத் தனியாகச் சரிசெய்யத்தான் வேண்டியிருந்தது.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் பாருங்கள்: நீங்கள் வெளியில் தேடுகிற ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறானா? 2019-20 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சி தொடக்கத்தில் அடிமட்டத்தில் கிடந்தது. நடு சீசனில் கோச்சாக ஓவன் கோயல் வந்தார், அணி நான்காவதாக முடித்து இறுதிப் போட்டி வரை போனது. தாக்குதலின் மையமாக இருந்த ரஃபேல் கிரிவெல்லாரோ புதிதாக வந்தவர் அல்ல, சீசன் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்தவர்.

2. எந்த மாதிரி ஓட்டம் என்று பிரித்துப் பாருங்கள்

சுறுசுறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மைதானத்தில் அது ஒரே வேலை அல்ல.

பறிப்பவன் ஒருவன்: காண்டே மாதிரி, எதிரணியின் பாஸ் போகும் வழியை முன்பே மோப்பம் பிடிப்பான். முட்டுக்கொடுப்பவன் ஒருவன்: 2004 ஜனவரியில் யுவென்டஸிலிருந்து கடனாக பார்சிலோனாவுக்கு வந்த எட்கர் டேவிட்ஸ் மாதிரி. அவர் பின்னால் நின்று சண்டை போட்டதால் இன்னொரு மிட்ஃபீல்டரான சாவி கொஞ்சம் முன்னால் நகர்ந்து ஆட முடிந்தது. நடுவரிசையில் கிடந்த பார்சிலோனா அந்த சீசனை இரண்டாவதாக முடித்தது. முன்னால் தள்ளுபவன் ஒருவன்: 2020 ஜனவரி கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய புருனோ ஃபெர்னாண்டஸ். எதிரணி கூட்டமாக நின்று அடைத்துவிட்டால் யுனைடெட்டுக்கு வழி தெரியாமல் இருந்தது. அவர் வந்த பிறகு அந்த சீசனில் ஆடிய 14 லீக் மேட்ச்சில் ஒன்றிலும் தோற்கவில்லை, மூன்றாவதாக முடித்தார்கள்.

உங்கள் வரிகளில் கோல் வாங்குவது பிரச்சினையா, கோல் போட முடியாததா? முதலாவதென்றால் பறிப்பவன் அல்லது முட்டுக்கொடுப்பவன். இரண்டாவதென்றால் மூன்றாமவன். கோல் போட முடியாத அணிக்குப் பறிப்பவனைக் கொண்டுவந்தால், பந்து அதிக தடவை கைக்கு வரும், அதிக தடவை வீணாகும்.

சோதிக்கும்போது பன்னிரண்டு நிமிட ஓட்டம் வைத்து யார் அதிக ரவுண்டு வருகிறான் என்று பார்க்காதீர்கள். அது தடகளத் தேர்வு. நாலுக்கு நாலு ஆட்டம் வைத்து இரண்டே விஷயம் பாருங்கள். அவன் அணி பந்தை இழந்த முதல் ஐந்து விநாடியில் அவன் என்ன செய்கிறான்? பந்து தன்னிடம் வருவதற்கு முன் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கிறானா? தலை திருப்பாதவன் எவ்வளவு ஓடினாலும், பறித்த பந்தை அடுத்த நொடியே தொலைப்பான்.

3. அவன் வரும் முன் அணியின் நீளத்தைச் சுருக்குங்கள்

அதிகம் பேர் தாண்டிப் போகிற படி இதுதான். நேரத்தில் பாதியை இதற்கே செலவழியுங்கள்.

தோற்கிற அணி நீளமாகிவிடும். பின்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர்களான ஸ்டாப்பர்களுக்குப் பயம், பெனால்டி பாக்ஸ் ஓரத்திலேயே நிற்பார்கள். ஃபார்வர்டுகளுக்கோ கோல் பசி, முன்னாலேயே நிற்பார்கள். நடுவில் ஐம்பது அறுபது மீட்டர் காலி நிலம். அங்கே ஒரு ஓட்டக்காரனை விட்டால் ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அவன் ஒரு பக்கம் போவான், பந்து மறுபக்கம் போகும்.

கடைசி டிஃபெண்டருக்கும் முதல் ஃபார்வர்டுக்கும் இடையே முப்பது முப்பத்தைந்து மீட்டர் இருக்கட்டும். அந்த நீளத்தில்தான் ஒருவன் பத்து எட்டு எடுத்து வைத்தால் இன்னொருவனுக்கு உதவ முடியும்.

பிராக்டிஸ் இப்படி. கயிற்றில் முப்பத்தைந்து மீட்டரில் ஒரு முடிச்சு போடுங்கள். இரண்டு பேர் பக்கக்கோட்டுக்கு வெளியே அதைப் பிடித்துக்கொண்டு, அணி நகர நகரக் கூடவே நடக்கட்டும். பதினொன்றுக்கு ஏழு பேர் எதிராக, மெதுவாக ஆடவிடுங்கள். நினைத்த நேரத்தில் விசில் அடியுங்கள். எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். கயிற்று நீளத்துக்கு வெளியே நிற்பவன் யாரென்று அவனுக்கே தெரியும், நீங்கள் திட்டத் தேவையில்லை.

எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதற்கு இரண்டே விதி. பந்து நம் கோலைவிட்டு விலகிப் போனால், அதாவது எதிரணி பின்னால் பாஸ் கொடுத்தாலோ நாம் நீளமாக அடித்தாலோ, ஸ்டாப்பர்கள் உடனே ஐந்தாறு அடி ஏற வேண்டும். எதிரணியில் ஒருவன் தடையில்லாமல், தலை நிமிர்ந்து, பந்தைக் காலில் வைத்திருந்தால் இறங்க வேண்டும். அவன் எந்த நொடியும் தலைக்கு மேல் அடிப்பான்.

ஸ்டாப்பர்களை ஏறச் சொல்லிவிட்டுக் கோலியிடம் சொல்லாமல் விடுவது இங்கே வழக்கமான தவறு. டிஃபென்ஸ் ஏறினால் கோலியும் பாக்ஸ் விளிம்புக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் முதல் நீளப் பந்தே கோல். அந்த ஒரு கோலுக்குப் பிறகு ஸ்டாப்பர்கள் நீங்கள் என்ன சொன்னாலும் ஏற மாட்டார்கள்.

இன்னொன்று, வெறும் கயிற்றோடு ஒரு வாரம் முழுக்க ஓட்டாதீர்கள். பையன்களுக்கு அலுத்துவிடும். இருபது நிமிடம் கயிறு, மிச்ச நேரம் ஆட்டம்.

4. அவனுக்கு ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்

ஓடுபவன் போனால், அவன் விட்டுப்போன இடத்தில் யார்? இந்தக் கேள்விக்குப் பெயர் சொல்ல முடியாத அணி அவனை இறக்கக் கூடாது.

காண்டேவுக்கு லெஸ்டரில் டேனி ட்ரிங்க்வாட்டர் இருந்தார். காண்டே பறிப்பார், ட்ரிங்க்வாட்டர் நிதானமாக நின்று, கிடைத்த பந்தை ஜேமி வார்டியின் ஓட்டத்துக்கு அனுப்புவார். இருவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்திருந்தால் அந்த நடு, முதல் இருபது நிமிடத்திலேயே பிளந்திருக்கும்.

ஜோடிக்கு உங்கள் அணியில் நன்றாக ஓடும் இன்னொருவனைப் போடத் தோன்றும். வேண்டாம். பேசுகிறவனை, நிற்கத் தெரிந்தவனை, இரண்டு காலாலும் இருபது மீட்டர் பாஸ் கொடுப்பவனைப் போடுங்கள். வயது கூடின சீனியர் ஒருவர் "இனிமே என்னால ஓட முடியலை" என்று ஓரத்தில், விங்கில் ஒதுங்கியிருப்பார். பல அணிகளில் சரியான ஜோடி அவர்தான்.

விதி ஒன்று: ஒருவன் போனால் மற்றவன் நிற்பான், போனவனுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் பின்னால், கொஞ்சம் நடுப்பக்கமாக. பக்கத்தில் பக்கமாக நிற்கக் கூடாது. அப்படி நின்றால் ஒரே பாஸ் இருவரையும் தாண்டிவிடும்.

இதற்குக் குரல் வேண்டும். நம் அணிகளில் இங்கேதான் ஒரு சிக்கல். புதுப் பையன் ஜூனியர், ஜோடி சீனியர். "அண்ணா, நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்கண்ணா" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். அல்லது கூச்சத்தில் வாயே திறக்க மாட்டான். அதனால் மைதானத்துக்குள் இரண்டே சொல் என்று நீங்களே எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிடுங்கள்: "போறேன்", "நில்லு". மரியாதையெல்லாம் பக்கக்கோட்டுக்கு வெளியே. சீனியர் முதலில் சிரிப்பார். அவரையே முதலில் கத்தச் சொல்லுங்கள், பையனுக்குக் கூச்சம் தெளிந்துவிடும்.

பிராக்டிஸ்: இருபதுக்கு முப்பது மீட்டர் கட்டம். உள்ளே இந்த ஜோடி, எதிரே நான்கு பேர் பந்தோடு. ஜோடியில் ஒருவன் "போறேன்" என்று சொல்லாமல் பாய்ந்தால், பந்தைப் பறித்தாலும் கணக்கில் வராது. கொஞ்சம் கறாராக இருங்கள். சொல்லாமல் பறித்த பந்தைப் பாராட்டிவிட்டால் மேட்ச்சிலும் சொல்ல மாட்டான்.

5. எப்போது பாய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்

ஓடுகிற ஆளுக்கு "ஓடு" என்று சொல்லத் தேவையில்லை. எப்போது ஓட வேண்டாம் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

பாய வேண்டிய தருணங்கள் நான்கு போதும். எதிரணிக்காரனின் முதல் தொடுதல் தவறி, பந்து காலைவிட்டு விலகும்போது. பந்து வாங்குபவன் தன் கோலைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது. பந்து பக்கக்கோட்டோரம் போய், கோடே இரண்டாவது டிஃபெண்டராக நமக்கு உதவும்போது. மெதுவான பின்பாஸ் உருண்டுகொண்டிருக்கும்போது. நான்கிலும் பொது ஒன்றுதான்: பந்து வைத்திருப்பவனால் அந்த நொடியில் முன்னால் பார்க்க முடியாது.

தலை நிமிர்ந்து முன்னால் பார்ப்பவன் மேல் பாயக் கூடாது. ஒரு பாஸில் நம் ஆளைக் கழற்றிவிடுவான். அப்போது செய்ய வேண்டியது மூன்று மீட்டர் தள்ளி நின்று, நடுவழியை அடைத்து, ஓரத்துக்குத் தள்ளுவது. ஓடுகிற பையனுக்கு இது பெரிய தண்டனையாகத் தெரியும். அந்த நேரத்தில் நிற்பதும் வேலைதான் என்று முதல் வாரம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

அவன் பாயும்போது மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒருவன் மட்டும் பாய்வது பிரஸ்ஸிங் (எதிரணியைக் கூட்டாக நெருக்கிப் பந்தைப் பறிப்பது) ஆகாது. அவன் "போறேன்" என்றதும், பந்துக்குப் பக்கத்தில் உள்ள ஃபார்வர்டு பின்பாஸை அடைக்க வேண்டும், அந்தப் பக்கத்து விங் ஓரத்துப் பாஸை அடைக்க வேண்டும். மூன்று பேருக்குமான வேலை இது. முதலில் நடந்தபடியே செய்து காட்டுங்கள், பிறகு ஓடியபடி.

6. பறித்த பந்துக்கு ஒரு முகவரி கொடுங்கள்

பறித்த உடனே பந்தை எதிரணிக்கே திருப்பிக் கொடுப்பது, ஓட்டக்காரர்களிடம் நான் அதிகம் பார்க்கும் குறை. மூச்சு வாங்கும், தலை குனிந்திருக்கும், சுற்றி நாலு பேர் இருப்பார்கள்.

அவனுக்கு இரண்டே வழி கொடுங்கள். முதலாவது, பின்னால் நிற்கும் ஜோடிக்கு எளிய பாஸ். அது அடைபட்டிருந்தால், பந்து வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க விங்குக்கு. எதிரணி பந்தைச் சுற்றிக் கூடியிருப்பதால் எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கும். மூன்றாவது வழி வேண்டாம். பந்தைக் காலிலேயே வைத்து முப்பது மீட்டர் உருட்டிக்கொண்டு ஓடிக் கைதட்டல் வாங்குவதை இரண்டு மாதம் கழித்து யோசிக்கலாம்.

ஃபெர்னாண்டஸ் மாதிரி முன்னால் தள்ளுபவன் என்றால் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்படிப்பட்டவன் ரிஸ்க் எடுத்துத்தான் ஆவான், சில பந்துகள் தொலையும். அவனுக்குப் பின்னால் இரண்டு பேரை நிறுத்திவிட்டு விட்டுவிடுங்கள்.

7. முதல் மேட்ச்சில் கடைசி அரைமணி மட்டும்

காண்டே லெஸ்டருக்கு முதலில் ஆடியது சண்டர்லாந்துக்கு எதிரான சீசன் முதல் மேட்ச், அதுவும் மாற்று ஆட்டக்காரராக. ஃபெர்னாண்டஸ் நேரடியாக முதல் பதினொன்றில் இறங்கினார், உண்மைதான். ஆனால் அவர் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் அணியின் கேப்டனாக இருந்துவிட்டு வந்தவர். உங்கள் பையன் அப்படியில்லை.

கடைசி அரைமணியில் எதிரணி களைத்திருக்கும், இடைவெளி திறந்திருக்கும், அவனுக்கு நாலைந்து பந்து கிடைக்கும். அதைப் பார்த்து மற்றவர்கள் அவனை நம்பத் தொடங்குவார்கள். நாம் வாயால் சொல்லி அந்த நம்பிக்கை வராது.

அவனால் இடம் இழப்பவனிடம் மேட்ச்சுக்கு முந்தைய நாளே தனியாகப் பேசுங்கள். லைன்-அப் ஒட்டும்போது தெரிந்துகொள்வது அவமானம். தோற்கிற அணியில் ஒரு அவமானம் நாலு பேரிடம் பரவும். கேப்டன் பட்டையையும், ஃப்ரீ கிக்கையும் புதியவனுக்கு உடனே கொடுத்துவிடாதீர்கள். அவன் கேட்டால்கூட.

8. அவனைத் தேய்த்துவிடாதீர்கள்

தொழில்முறை மிட்ஃபீல்டர் ஒரு மேட்ச்சில் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்குப் பின்னால் உணவு, தூக்கம், பிசியோ என்று ஒரு படையே இருக்கிறது. உங்கள் பையன் காலையில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு, நாலு மணி வெயிலில் வந்து நிற்கிறான்.

மேட்ச்சுக்கு மறுநாள் அவனுக்கு ஓட்டம் இல்லை. கடும் பிராக்டிஸை மேட்ச்சுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். தொடையின் பின்தசை இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு உட்காரவைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட பையன்கள் வலியை மறைப்பார்கள், அதனால் நீங்களே கேளுங்கள். மே மாத மேட்ச்சில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் பாட்டில் ஓரத்தில் தயாராக இருக்கட்டும்.

மஞ்சள் அட்டை இன்னொரு பெரிய செலவு. பின்னாலிருந்து சறுக்கி விழுந்து பறிப்பதை பிராக்டிஸிலேயே தடை செய்யுங்கள். முதல் பாதியில் மஞ்சள் வாங்கிவிட்டால், ஐம்பது ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்துவிடுவது பற்றி யோசியுங்கள். பத்துப் பேரோடு அரைமணி ஆடுவதைவிட அது மேல்.

9. ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள்

வெற்றி தோல்வியை மட்டும் பார்க்காதீர்கள். முதல் படியில் எழுதிய அதே வரிகளை மறுபடி எழுதுங்கள். நடுவில் பறிபோய் விழும் கோல்கள் குறைந்திருக்கிறதா? எதிரணிப் பாதியில் நாம் பறித்த பந்துகள் கூடியிருக்கிறதா? மூன்று மேட்ச் தோற்றிருந்தாலும் இந்த இரண்டும் மாறியிருந்தால் கையை வைக்காதீர்கள்.

மாறவில்லையென்றால் அவனைக் குறை சொல்வதற்கு முன் ஆட்டமுறையைப் பாருங்கள். காண்டே 2016-ல் செல்சீக்குப் போனார். அதற்கு முந்தைய சீசனில் செல்சீ 10-வது. அவர் வந்தும் செப்டம்பரில் லீக்கில் லிவர்பூலிடமும் ஆர்சனலிடமும் அடுத்தடுத்துத் தோற்றார்கள், ஆர்சனலிடம் 3-0. அதன் பிறகுதான் கோச் அன்டோனியோ கோன்டே பின்னால் மூன்று பேரை நிறுத்தும் முறைக்கு மாறினார். தொடர்ந்து 13 லீக் வெற்றி, கடைசியில் 93 புள்ளிகளோடு சாம்பியன். ஆகஸ்டில் இருந்த காண்டேதான் அக்டோபரிலும் இருந்தார்.

எதிரணிகளும் சும்மா இருக்காது. நாலைந்து மேட்ச்சில் உங்கள் பையனைப் படித்துவிடுவார்கள். ஒன்று, அவனுக்கு ஒரு ஆளை ஒட்டவைப்பார்கள். அப்போது அவனை ஓரத்துக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள், நடு உங்கள் சீனியருக்குத் திறக்கும். இல்லாவிட்டால் அவன் தலைக்கு மேல் நீளமாக அடிப்பார்கள். அப்போது அவனைப் பாயவிடாமல், விழும் இரண்டாவது பந்துக்காக ஸ்டாப்பர்களுக்கு முன்னால் நிறுத்துங்கள்.

கடைசி வேலை, அவனுக்கு மாற்று. காயமோ, சிவப்பு அட்டையோ, பெரிய கிளப் ஒன்றின் அழைப்போ, அவன் எப்படியும் ஒருநாள் இல்லாமல் போவான். காண்டே போன அடுத்த சீசனில் லெஸ்டர் 12-வதாக முடித்தது, பிப்ரவரியிலேயே ரனியேரிக்கு வேலை போயிற்று. அதனால் நாலாம் படியின் ஜோடிப் பிராக்டிஸை வாரம் ஒருமுறை இன்னொரு பையனை வைத்தும் செய்யுங்கள், அதே சீனியரோடு, அதே இரண்டு சொல்லோடு.